முறிகண்டிக்கு இந்தப் பக்கம்

சித்த வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்க்கிறார். யூனானி வைத்தியர் நான்கு விரல் வைக்கிறார். லத்தீபின் மகள் ஹஃபீலா அந்த ஒரு விரல் வித்தியாசத்தில் மாட்டிக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள் என்று புத்தளம் தில்லையடி முழுக்கக் கதை. கதை கொஞ்சம் கூடத்தான். அவள் நன்றாகவே சாப்பிட்டாள். நித்திரைதான் குறைவு.

யுத்தம் முடிந்து நாலாவது வருஷம் அது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவள், டொக்டர் படிப்புக்குப் புள்ளி கொஞ்சம் பற்றாமல் போய்விட்டது. ஒரு கிழமை அழுதாள். பிறகு பல்கலைக்கழகக் கைநூலை வாங்கி வந்து விரித்தபோது, அவளுடைய புள்ளிக்கு இரண்டு படிப்புகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம், கொழும்பில் யூனானி. இதில் எதை விண்ணப்பத்தில் முதலாவதாக எழுதுகிறாளோ அதுதான் வரும். முதலாவது கிடைத்துவிட்டால் இரண்டாவதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தபாலில் போட்ட பிறகு மனம் மாறிவிட்டது என்று போய் நிற்கவும் முடியாது.

யூனானி மருந்துகளின் பெயர்கள் அவளுக்கு லேசாக நாக்கில் ஏறின. சின்ன வயதில் மதரசாவில் ஓதியதன் புண்ணியம். கொழும்பில் மாமி ஒருத்தி இருந்தாள், தங்க இடம் தேட வேண்டியதில்லை. ஆனால் உம்மாவின் முழங்கால் வலிக்கு மருந்தெடுக்க அரசாங்க சித்த மருந்தகத்துக்குக் கூடப் போன நாட்களில் மனம் வேறு பக்கம் சாய்ந்திருந்தது. அங்கே இருந்த கஜலக்ஷ்மி டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரி. உம்மாவின் கையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு, "இரவில நித்திரை இல்லையோம்மா?" என்று கேட்பார். உம்மா அதற்கு மட்டும் பதில் சொல்லமாட்டாள். பிறகு டொக்டர் தைலப் போத்தலின் மூடியைத் திறந்து ஹஃபீலாவிடம் நீட்டி, "என்னென்ன சேர்ந்திருக்கெண்டு மணந்து சொல்லும் பாப்பம்" என்பார். அந்தக் கேள்விக்காகவே ஹஃபீலா உம்மாவின் முழங்கால் எப்போது வலிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்றால் பொய்யில்லை.

ஆலோசனை சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? எதிர்க் கடை மீரா முகைதீன் காக்கா, புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பருப்பு நிறுத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இதுக்கு என்னத்த புள்ள ரோசன? யூனானி எங்கட ஆக்கள்ட வைத்தியம். கொழும்பு இந்தா ஈக்கி, காலையில ஏறினா பகலைக்குப் போய் எறங்கலாம். யாழ்ப்பாணத்துக்குப் பொம்புளப் புள்ளய அனுப்பேலுமா? அதுவும் உங்கட உம்மா வாப்பாவ அங்க இருந்து எப்படி அனுப்பினாங்கன்டு தெரிஞ்சுமா?"

ஹஃபீலாவுக்கு அது சரியாகத் தெரியாது என்பதுதான் உண்மை. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இயக்கத்தார் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு உடுத்த உடுப்போடு போகச் சொன்னார்கள் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் போல அவளுக்கும் தெரியும். அவள் பிறந்தது பிறகு, இங்கே, கிடுகுக் கொட்டில் முகாமில். அவளுக்கு முன்னால் பிறந்த ராத்தா ஒருத்தி இருந்து வழியில் மௌத்தாகிப் போனாள் என்பதும் காதில் விழுந்திருக்கிறது. அதற்கு மேல் யாரும் சொன்னதில்லை. உம்மாவுக்கு நோகும் என்று வாப்பா பேசமாட்டார், வாப்பாவுக்கு நோகும் என்று உம்மா பேசமாட்டாள். ஐப்பசி மாதத்தில் ஒருநாள் உம்மா பானை நிறையக் கஞ்சி காய்ச்சி அயலுக்கெல்லாம் கொடுப்பாள். எதற்கென்று கேட்டால், "நேர்ச்சை" என்பாள். அவ்வளவுதான்.

உம்மா அலீமா கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவள். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அடுப்பு எரியத் தொடங்கிவிடும். விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலை, ஹஃபீலா இடியப்பத் தட்டுகளை அடுக்கிக் கொடுத்தபடி மெதுவாகத் தொடங்கினாள்.

"உம்மா, எதை முதலாவதாப் போட?"

"வாப்பாட்ட கேளு."

"அவர் உங்களக் கேக்கச் சொல்றாரு."

அலீமா உரலை அமுக்கி ஒரு தட்டு நிறையப் பிழிந்தாள். பிறகு இன்னொன்று. மாவு இறுகியிருந்தது, தோள்பட்டை ஏறி இறங்கியது.

"உனக்கு எதுல விருப்பம்?"

"ரெண்டும்தான். ஆனா... சித்தம் கொஞ்சம் கூட."

"அப்ப அதையே போடு."

ஹஃபீலா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "யாழ்ப்பாணம் உம்மா அது."

"ஓம். தெரிஞ்சுதான் சொல்றன்."

ஆவி பறக்கிற சட்டியின் மூடியைத் திறந்து, வெந்ததை இறக்கி, புதிதை ஏற்றி, மூடியைச் சரிபார்த்த பிறகுதான் அலீமா மறுபடி வாயைத் திறந்தாள். அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"மிஸ்ரியா எண்டு பேர். கதிரையப் பிடிச்சுப் பிடிச்சு நடக்கத் தொடங்கின வயசு. லொறியில வரைக்க வயித்தால போகத் தொடங்கிச்சு. குடிக்கத் தண்ணி இல்ல. முறிகண்டி தாண்டி இந்தப் பக்கம் வரைக்க முடிஞ்சுபோச்சு மகள். மடியில வச்சுக்கொண்டே இருக்கிறன், எனக்கு விளங்கல்ல. பக்கத்துல இருந்த மனிசிதான் சொன்னா."

"உம்மா..."

"ரோட்டோரம் ஒரு மதகு. மதகுக்குக் கிட்ட பெரிய பாலை மரம். அடியில ஆள் ஒதுங்கிற அளவுக்குப் பொந்து. வாப்பாவும் ஆம்பிளையளும் எறங்கிப் போனாங்க. அதுக்குள்ளதான் அடக்கம் செய்து, தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும் ரெண்டு கல்லு மீசானா நட்டுட்டு வந்தாங்க. நான் லொறியிலேயே இருந்தன். பொம்பளையள் மையவாடிக்குப் போறதில்லதானே. போய்ப் பாக்கோணுமெண்டு இண்டு வரைக்கும் உன்ட வாப்பாட்ட வாய் திறந்ததுமில்ல."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஆவியாகவும் இருக்கலாம்.

"ஆனா ஒண்டு மகள். போறதுதான் இல்ல. வழியில போறவ சலாம் சொல்லலாம்தானே? உன்னக் கொண்டுபோய் கெம்பஸ்ல விட நானும் வரத்தானே வேணும். பஸ்ஸுல இருந்தபடியே சலாம் சொல்லி ஒரு ஃபாத்திஹா ஓதிடுவன். பிறகு நீ போகைக்க வரைக்க நீயும் சொல்லுவாய். அவளுக்கும் ஆள் தேவைதானே? ரோட்டெல்லாம் இப்ப கார்ப்பெட் போட்டிருக்காம், பஸ் பறக்குதாம். ட்ரைவரிட்டச் சொல்லிக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொன்னா மாட்டனெண்டா சொல்லப் போறான்?"

இப்படியொரு நினைப்பை இத்தனை காலமும் உள்ளே வைத்துக்கொண்டு இந்த மனுசி எப்படித்தான் இடியப்பம் பிழிந்தாளோ. ஹஃபீலா உம்மாவின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதாலும் மனம் லேசாகிவிட்டது. தனக்கு எது விருப்பமோ அதுவே உம்மாவுக்கும் வேண்டியிருந்தது. இனி என்ன குழப்பம்?

அன்று பகல் வாப்பாவுக்குச் சோறு கொண்டு போனாள். லத்தீப் யாழ்ப்பாணத்தில் தையல்கடை வைத்திருந்தவர். புத்தளத்துக்கு வந்த பிறகு கிடைத்தது உப்பளம்தான். உப்பு விளையும் காலத்தில் பாத்திகளின் பக்கம் கண்ணைத் திறந்து பார்க்க முடியாது, அவ்வளவு வெள்ளை. நீண்ட பிடி போட்ட பலகையால் உப்பை வாரி வரம்போரம் குவிப்பார்கள். பிறகு கூடையில் அள்ளித் தலையில் ஏற்றிக் கொண்டுபோய் அம்பாரமாகக் கொட்டுவார்கள். காலில் ஒரு கீறல் இருந்தாலும் உப்புத் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும். லத்தீபின் கால்கள் பாதம் முழுக்க வெடித்திருந்தன. காலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்.

கிடுகுப் பந்தலின் நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தார். கீரி மீன் ஆணமும் கீரைச் சுண்டலும். இரண்டு வாய் சாப்பிடும்வரை ஹஃபீலா பொறுத்திருந்தாள்.

"வாப்பா, சித்தத்த முதலாவதாப் போடப் போறன். உம்மாவும் ஓமெண்டுட்டா."

"உம்மாவா?"

"ஓம். ராத்தாட கதையெல்லாம் சொன்னா. அந்தப் பாலை மரத்தப் பற்றியும் சொன்னா. பஸ்ஸுல போகைக்க சலாம் சொல்லலாமாம். உங்களுக்கு நோகுமெண்டுதான் இவ்வளவு நாளும் கேக்கல்லயாம்."

லத்தீபின் கை சோற்றிலேயே நின்றது. அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து வந்தவளுக்கு அந்த முகம் விளங்கவில்லை. தூரத்தில் கூடை சுமந்த பெண்கள் வரம்பில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"யூனானியப் போடு மகள்."

"ஏன் வாப்பா?"

"கொழும்பு நல்லதுதானே. மாமி வீடும் இருக்கு."

"அது காரணமில்ல வாப்பா. என்னெண்டு சொல்லுங்க."

"மரம் இல்ல."

ஹஃபீலாவுக்கு முதலில் பிடிபடவில்லை. அவர் கையை உதறிவிட்டுச் சோற்றை மூடினார்.

"சண்டை முடிஞ்சு ரோடு திறந்த கையோட நான் போனன். அனுராதபுரத்துல வேலையெண்டு வீட்ட சொல்லிட்டு ஒரு லொறியில ஏறிப் போனன். முறிகண்டியில இறங்கி இந்தப் பக்கமா நடந்து வந்தன். ரோட்ட அகலமாக்கப் போறாங்களெண்டு ரெண்டு பக்கமும் டோசர் போட்டு இழுத்திருக்கு. பாலை மரமெண்டு ஒண்டு கண்ணுக்குத் தெரியல்ல. மதகெல்லாம் புதுசு. ஒண்டெண்டாலும் பரவாயில்ல, எத்தினையோ மதகு, எல்லாம் ஒரே மாதிரி. இதா அதா எண்டு வெயில் ஏறுமட்டும் நடந்தன். உள்ளுக்கு இறங்கித் தேடவும் ஏலாது, கண்ணிவெடிப் பலகை நட்டிருக்கு. எங்க நிண்டு ஓதுறதெண்டே எனக்குத் தெரியல்ல மகள். ரோட்டப் பாத்து ஓதிட்டு வந்தன்."

"இத ஏன் உம்மாட்ட சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ல? அண்டைக்குப் பிள்ளைய மடியில இருந்து எடுக்க விடமாட்டனெண்டு பிடிச்சுக்கொண்டிருந்தா. வழியோரந்தானே அலீமா, போகைக்க வரைக்க பாக்கலாமெண்டு நான்தான் சொன்னன். அந்தச் சொல்ல நம்பித்தான் கைய விட்டா." மூடிய பார்சலை ஓரமாகத் தள்ளி வைத்தார். "இவ்வளவு வருஷமா அவவுக்கு அங்க ஒரு மரம் நிக்குது. அத நான் எப்பிடி வெட்டுற?"

ஹஃபீலா சின்னப்பிள்ளை மாதிரி ஒன்று கேட்டாள்.

"வேற ஒரு மரத்தக் காட்டினா?"

"யாரும் இல்லாத இடத்துக்கு அவவ சலாம் சொல்ல வைக்கிறதா? அந்தப் பாவம் எனக்கு வேணாம். அதோட அந்த ரோட்ட ஒருக்காப் பாத்தாப் போதும், அவவுக்கு எல்லாம் விளங்கிடும்." வெடித்த காலை இழுத்து மடக்கிக்கொண்டார். "உன்ட படிப்ப நான் கெடுக்கிறன். தெரியும். ஆனா அவவ அந்த ரோட்டால கொண்டுபோகாத."

பெற்ற தகப்பன் அப்படிக் கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? கோபம் வந்தது அவளுக்கு. டோசர் மீது வந்ததா, வாப்பா மீது வந்ததா, யாரோ எப்போதோ செய்த அநியாயத்துக்குத் தன்னுடைய படிப்பு ஏன் வட்டி கட்ட வேண்டும் என்று வந்ததா, அவளுக்கே தெரியவில்லை. உப்பு வெளிச்சத்தில் கண் கூசக் கூச நடந்து வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை மேசையில் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். அலீமா அடுப்படியில் இருந்து குரல் கொடுத்தாள்.

"எழுதுறியா?"

"ஓம் உம்மா."

"முதலாவதாத்தானே?"

"முதலாவதாத்தான்."

எதை என்று அலீமா கேட்கவில்லை. ஹஃபீலாவும் சொல்லவில்லை. முதலாவது இடத்தில் யூனானியை எழுதினாள். சித்தத்தை இரண்டாவதாக எழுதும்போது கஜலக்ஷ்மி டொக்டரின் தைலப் போத்தல் ஞாபகம் வந்து பேனையைக் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு எழுதி முடித்தாள். பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தபோது அலீமா தட்டில் சீனியும் தேங்காய்ப் பூவும் போட்டு இடியப்பம் வைத்திருந்தாள். ஹஃபீலா அதைத் தொடாமல் மூடி வைத்தாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்றைக்குப் பிறகு அலீமா பேசத் தொடங்கிவிட்டாள். ஒரு சொல் வராத வீட்டில் இப்போது எந்த நேரமும் யாழ்ப்பாணம். தையல்கடை வாசலில் நின்ற வேப்பமரம், பெருநாளைக்குத் துணி தைக்க நின்ற கூட்டம், கலியாணம் முடித்த புதிதில் லத்தீப் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் குடிக்க வாங்கிக் கொடுத்த ரோஸ் நிறத்துச் சர்பத். லத்தீபுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, "இஞ்சருங்க, அந்தக் கடைக்காரனுக்குப் பேர் என்ன?" என்று கேட்பாள். அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே பேரைச் சொல்லுவார். இத்தனை காலமும் பேசாமல் இருந்த மனுசி சிரித்துப் பேசுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பார்த்தவர்கள் இரண்டு பேரும் செத்துச் செத்துப் பிழைத்தார்கள்.

மீரா முகைதீன் காக்காவுடன் அவளுக்குச் சண்டையே வந்துவிட்டது.

"என்ட மகள் யாழ்ப்பாணத்துலதான் படிப்பாள் காக்கா."

"செல்றதச் செல்லிட்டேன் தங்கச்சி. பிறகு என்னய நோகாதீங்க."

"நீங்க பருப்ப நிறுங்க."

நோன்பு வந்தது. தென்மேற்குக் கச்சான் காற்றில் புழுதியும் உப்பும் பறந்து, தலைமயிர் கயிறாகத் திரிந்த மாதம். அலீமா இப்தாருக்குக் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு, நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் கையேந்தி உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரத்துக் கேட்பு வீண்போகாது என்பது அவள் நம்பிக்கை. உதடு அசைவதை வைத்தே ஹஃபீலாவுக்குத் தெரியும், என்ன கேட்கிறாள் என்று. எழுதி அனுப்பி முடிந்த ஒன்றுக்காக உம்மா முப்பது நோன்பும் கையேந்தினாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஹஃபீலா சமையலறைக்குப் போய், "உம்மா, யூனானி கிடைச்சாலும் நல்லதுதானே?" என்றாள்.

"கிடைக்காது. நீ பயப்படாத. நான் கேட்டிருக்கிறன்."

லத்தீப் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்தபடி பாங்கு சொல்வதற்காகக் காத்திருந்தார். அவருக்கும் கேட்டது. அவர் எதைக் கேட்டுத் துஆச் செய்தார் என்று யாருக்கும் தெரியாது.

ஐப்பசியில் மழை ஒரு கிழமை முந்தி வந்துவிட்டது. உப்பு அம்பாரங்களைக் கிடுகு போட்டு மூடுவதற்காக லத்தீப் இருட்டோடு போயிருந்தார். அந்த நாளில்தான் எந்தப் படிப்பு என்ற முடிவும் வந்தது. ஹஃபீலா சந்தியில் இருந்த கம்யூனிகேஷன் கடைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு நனைந்துகொண்டு வந்தாள். நேர்ச்சைக் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அலீமா எழும்பி நின்றாள்.

"யூனானி உம்மா. கொழும்பு."

அலீமா மறுபடி துருவுபலகையில் உட்கார்ந்து மிச்சப் பாதித் தேங்காயையும் துருவி முடித்தாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அல்லாஹ்ட நாட்டம் அதெண்டா நாம என்ன செய்ய. நான்தான் சரியாக் கேக்கல்லயாக்கும்."

அந்தச் சொல் ஹஃபீலாவைக் குத்திக் கிழித்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். வாசலில் லத்தீப், மழைத்தண்ணீர் வடிய, காலில் டியூப் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணைப் பார்த்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"மகளுக்கு யூனானி கிடைச்சிருக்கு" என்றாள் அலீமா. "சந்தோஷப்படுங்களேன், ஏன் மரமாட்டம் நிக்கிறீங்க? துவாயில தலையத் துடைங்க."

அவர் துடைத்தார். அலீமா கையை நீட்டி மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். அழுத பிள்ளையின் முதுகைத் தடவினாள். படிப்பு மாறிப்போன கவலையில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"அழாத. நாடி பிடிக்கிறதுதானே ரெண்டும். ஒரு விரல் கூட வச்சுப் பிடிச்சாப் போச்சு. அஞ்சு வருஷம் சட்டெண்டு போயிடும். நீ படிச்சு முடிச்சு வா, மூணு பேருமா வான் பிடிச்சு ஒருக்காப் போய்வருவம். இவ்வளவு நாளும் இருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கத் தெரியாதா? மரம் எங்க போகப் போகுது?"

அடுப்பில் கஞ்சி பொங்கி விளிம்பைத் தொட்டது. அலீமா எழும்பிப் போய் அகப்பையை விட்டுக் கிண்டினாள். கிண்டிக்கொண்டே புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கும் அந்த மரம் நினைவிருக்குத்தானே?"

"ஓம்" என்றார் லத்தீப். "பெரிய மரம்."